காகத்துக்குக் கட்டிய வலை

சோளகக் காற்று ஓய்ந்து வாடைக்காற்று இன்னும் பிடிக்காத நாட்களில் எங்கள் வீட்டு வளவில் இலைகூட அசையாது. புரட்டாதியின் கடைசிக் கிழமைகள் அவை. கிணற்றுத் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய் உவர்த்துக் கிடக்கும். குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். அது வருகிற காலையில் நான் முதலில் நிரப்புவது இரண்டு உடைந்த மண்குடங்களின் அடிப்பாகங்களை. ஒன்று வேம்பின் கீழ், மற்றது முருங்கையின் கீழ். குனிந்து ஊற்ற வேண்டும். குனிந்தால் நிமிர நேரம் எடுக்கும்.

கடலுக்குப் போவதை நிறுத்தி ஆறு வருடங்கள். ஒருநாள் அலையில் படகு எகிறியபோது எஞ்சினுக்கும் படகின் விளிம்புக்கும் இடையில் விழுந்தேன். இடுப்பு அன்றோடு போயிற்று. பாரம் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பாரம் தூக்காத வேலை கடலில் என்ன இருக்கிறது? வீட்டில் இருந்துவிட்டேன். மனைவி தன் அக்காவோடு சேர்ந்து கருவாடு போட ஆரம்பித்தாள். வீடு அதில்தான் ஓடுகிறது.

நான் முன்பும் ஆட்களோடு அதிகம் கதைப்பவன் இல்லை. எங்கள் வங்காலை போன்ற கடற்கரை ஊரில் ஒரு ஆம்பிளை பகலில் வாசலில் இருந்தால் போகிறவர் வருகிறவர் எல்லோரும் "இப்ப எப்பிடி?" என்று கேட்பார்கள். நல்ல மனதோடுதான் கேட்பார்கள். ஆனால் ஒவ்வொரு நாளும் அதே கேள்விக்கு அதே பதிலைச் சொல்ல எனக்கு அலுப்பாக இருந்தது. அதனால் கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். அங்கே ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. குருவிகளைப் பார்க்கத் தொடங்கியது அப்படித்தான். ஆசையில் தொடங்கியது என்று சொன்னால் பொய்.

மாரி காலத்தில் களப்புக்குப் பூநாரை பார்க்க வெளியூர் ஆட்கள் பெரிய கமெராக்களோடு வான்களில் வருவார்கள். எங்கள் ஒழுங்கையால்தான் சிலர் போவார்கள். என் வளவில் நின்றவை சாதாரணக் குருவிகள். ஊர்க்குருவி, மைனா, காகம். பிறகு புலுனிகள். அவை ஏழெட்டாகச் சேர்ந்து வந்து, சருகைக் கிளறி, தங்களுக்குள் சண்டை பிடித்து, சண்டை முடியாமலே அடுத்த வளவுக்குப் போய்விடும். படித்தவன் இல்லை என்பதால் மற்றவற்றின் பெயர் எனக்குத் தெரியாது. கழுத்தில் பச்சையும் வாலில் நீலமும் உள்ள ஒன்று புரட்டாதியில் வந்து மின்கம்பியில் இருந்து தும்பி பிடிக்கும். மணலில் ஓடி ஓடி வாலை ஆட்டுகிற ஒன்று வரும். வெயிலில் எல்லாம் வாயைத் திறந்தபடி நிற்கும். தண்ணீர் வைத்த பிறகுதான் அவை ஏன் வாயைத் திறந்து வைத்திருந்தன என்று எனக்கு விளங்கியது. பிறகு மிஞ்சின சோற்றையும் போடத் தொடங்கினேன்.

மனைவியின் அக்கா, எனக்கு மச்சாள், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். கணவரை இழந்தவர். குரல் கொஞ்சம் பெரிது. அவருடைய வளவில்தான் கருவாட்டுத் தட்டிகள் இருந்தன. கட்டைகள் நட்டு, தடி பரப்பி, அதற்கு மேல் பழைய வலை விரித்து, சூடை மீனும் கட்டா மீனும் காயப்போடுவார்கள். என் மனைவி காலையில் வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் போவாள். மத்தியானம் அதே பொட்டுக்குள்ளால் வந்து எனக்குச் சோறு போட்டுவிட்டுப் போவாள். பத்து அடி தூரம்.

அந்த வருடம் காகம் அதிகம். ஒருநாள் காலையில் மச்சாள் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"மச்சான், நல்ல சாப்பாட்டுக்கடை நடத்துறியள்."

"என்ன மச்சாள்?"

"உங்கட பக்கத்தில சோறும் தண்ணியும். என்ர பக்கத்தில கறி. காகம் எல்லாம் உங்களிட்ட முகம் கழுவிப்போட்டு என்னட்டச் சாப்பிட வருது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்று ஒரு தட்டிச் சூடையில் பாதி குதறப்பட்டிருந்தது.

மறுநாளே சோறு போடுவதை நிறுத்தினேன். காகம் குறையவில்லை. மச்சாள் கறுப்புப் பொலித்தீனைச் செத்த காகம் மாதிரிக் கட்டித் தூக்கினார். இரண்டு நாள் காகங்கள் அதைச் சுற்றிக் கத்தின. மூன்றாம் நாள் ஒன்று அதன் மேலேயே போய் இருந்தது.

"தண்ணியையும் எடுங்கோ மச்சான்," என்றார். "இல்லாட்டி நான் தட்டியள எல்லாம் கழட்டிக்கொண்டு கரைக்குப் போறன். மருமகன்ர வாடியில இடம் கிடக்கு. காவலுக்கு ஆளும் இருக்கு."

கரை என்றால் மீன்பிடிகாரர் வாடி என்கிற ஓலைக்கொட்டில் போட்டிருக்கிற இடம், எங்கள் வீட்டில் இருந்து முக்கால் மணித்தியால நடை. மனைவிக்கு முழங்கால் வருத்தம். காலையில் போனால் அவள் மாலையில்தான் வர முடியும். அதையெல்லாம் மச்சாள் விளக்கமாகச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அன்று பின்னேரம் மனைவி காலை நீட்டி இருந்து தைலம் பூசிக்கொண்டே சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, மழை வருமட்டும் எண்டாலும் உந்தத் தண்ணிய நிப்பாட்டுங்கோவன்."

"மழை வந்தா அதுகளுக்குத் தண்ணி தேவையில்லை," என்றேன். "இப்பதான் தேவை."

அவள் மற்றக் காலுக்குத் தைலம் பூசினாள்.

எனக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. அடுத்த நாள் கூரை வளையில் சொருகிக் கிடந்த வலைமூட்டையை இறக்கித் தரும்படி மனைவியிடம் சொன்னேன். தங்கூசி வலை. கண்ணாடி மாதிரி மெல்லிய நைலோன் இழை. அதைக் கடலில் போடக்கூடாது என்று தடை வந்த பிறகு சும்மா கிடந்தது. தடித்த நூல்வலையும் இருந்தது, அதை நான் எடுக்கவில்லை. தடித்த வலையைத் தட்டிக்கு மேல் கட்டினால் நிழல் விழும், காற்றையும் மறிக்கும், கருவாடு புளித்துப்போகும். தங்கூசி என்றால் வெயில் அப்படியே இறங்கும். அதோடு, தொழிலில் எங்களுக்குப் பழகிய எண்ணம் ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற வலை மோசமான வலை. நல்ல வலை தண்ணீரில் இல்லாத மாதிரி இருக்கும்.

நான்கு நாட்கள் எடுத்தது. கிழிந்த வலைக்கண்களைக் கதிரையில் இருந்தபடி பொத்தினேன். வேம்பில் இருந்து மச்சாளின் பூவரசு வரைக்கும் வேலிக்கு மேலால் ஒரு சுவர் மாதிரித் தூக்கி, அங்கிருந்து தட்டிகளுக்கு மேல் கூரை மாதிரி இழுத்துக் கட்டினோம். மச்சாளும் மனைவியும் கயிற்றைப் பிடித்தார்கள், நான் கீழே நின்று எங்கே இறுக்குவது, எங்கே தளர்த்துவது என்று சொன்னேன். ஆறு வருடங்களுக்குப் பிறகு மற்றவர்கள் நான் சொன்னதைக் கேட்டு ஒரு வேலை செய்தார்கள். இடுப்பு நொந்தது. இருந்தும் அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

முதல் நாளே ஒரு காகம் பறந்து வந்து மோதித் தலைகீழாகத் தொங்கியது. மச்சாள் தடியால் தட்டி விட்டார். மற்றக் காகங்கள் மரத்தில் இருந்து அரைமணி நேரம் கத்திவிட்டுப் போயின. பிறகு கிட்ட வரவில்லை. என் வளவுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு ரோட்டுப் பக்கமாகத் திரும்பிப் போயின. அன்று மச்சாள் வேலிப் பொட்டுக்குள்ளால் திருக்கை வறை கொடுத்துவிட்டார்.

"கொத்தானுக்குக் குடு," என்று மனைவியிடம் சொன்னாராம். "கடலை விட்டாலும் ஆள் வலையை விடேல்ல."

கொத்தான் என்றால் உன் அத்தான்; மனைவி என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை. பகிடிக்குச் சொன்னது. அந்தப் பகிடியை அவர் எனக்காகச் சொன்னார் என்பதே போதுமாக இருந்தது.

ஐப்பசி பிறந்து பத்து நாள் இருக்கும். இருட்டு வெளுக்கிற நேரம் பல்லுத் தீட்டக் கிணற்றடிக்குப் போனேன். வேலிக்கு மேலே, ஆள் உயரத்தில், அந்தரத்தில் ஒரு குருவி நின்றது. பறக்கவில்லை, விழவும் இல்லை. கிட்டப் போன பிறகுதான் வலை தெரிந்தது.

ஆறுமணிக்குருவி. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். முதுகு பச்சை, செட்டையில் நீலத் துண்டு, வாலுக்குக் கீழே குங்குமச் சிவப்பு, கண்ணுக்கு மேலே கறுப்புக் கோடு, இருக்கிறதோ இல்லையோ என்கிற அளவுக்கு வால். இந்தியாவில் இருந்து வருகிறது. ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒன்றிரண்டு என் முருங்கையின் கீழே சருகைப் புரட்டிக்கொண்டு நிற்கும். ஒரு கிழமை நின்று, இளைப்பு ஆறினதும் உள்நாட்டுக் காடுகளுக்குப் போய்விடும்.

கடலில் இருந்த காலத்திலும் அவற்றைக் கண்டிருக்கிறேன். இரவில் வலை விட்டுவிட்டு இருக்கும்போது எங்கிருந்தோ வந்து பொத்தென்று படகுக்குள் விழும். கயிற்றுக் குவியலில் ஏறி இருந்துகொள்ளும். கையை நீட்டினாலும் எழும்பாது. அவ்வளவு களைப்பு. படகில் வந்து இருக்கிற குருவியைத் துரத்தக் கூடாது என்பது எங்களுக்குள் ஒரு வழக்கம். குடிகாரனும் துரத்த மாட்டான். அது தானாக எழும்பிப் போகும்வரை அந்தக் கயிற்றை எடுக்க மாட்டோம், வேறு கயிற்றை எடுப்போம். சின்ன வயதில் நாங்களும் அந்தக் கடலைத்தான் இரவில் படகில் கடந்தோம், போரில் இந்தியாவுக்குப் போகும்போது ஒருமுறை, அகதி முகாமில் இருந்து திரும்பி வரும்போது ஒருமுறை. அதனால் வந்த இரக்கமா என்று தெரியாது. வழக்கம் அதற்கு முன்பே இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

குருவியைக் கையில் பிடித்தேன். அதன் நெஞ்சு என் விரல்களுக்குள் அடித்தது. வலையில் இருந்து எடுக்க எனக்கா தெரியாது? மீன் வலைக்கண்ணுக்குள் தலையைக் கொடுத்துச் செட்டையடியில் இறுகி நிற்கும். பின்னால் இழுத்தால் செவுளில் உள்ள பூ கிழிந்துவிடும். முன்னுக்குத் தள்ளி, போகிற வழியாலேயே எடுக்க வேண்டும். இருபத்தைந்து வருடம் செய்த வேலை. கை தானாகவே செய்தது. தலையைப் பிடித்து முன்னுக்குத் தள்ளினேன்.

சின்னச் சுள்ளி முறிகிற மாதிரி ஒன்று விரலுக்குத் தெரிந்தது. இடது செட்டை தொங்கிவிட்டது.

பிஸ்கட் பெட்டியில் சாக்குத் துண்டு போட்டு அதற்குள் வைத்தேன். சோறு வைத்தேன், தொடவில்லை. பாண் நனைத்து வைத்தேன், தொடவில்லை. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "அது பூச்சி தின்னுறதெல்லோ" என்றாள். கிணற்றடி ஈரத்தைக் கிண்டி மூன்று மண்புழு எடுத்தேன். ஒன்றைத் தின்றது. அந்த ஒரு புழுவால் எனக்கு வந்த நம்பிக்கையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அடுத்த நாள் மத்தியானம் அது பெட்டியின் மூலையில் பக்கவாட்டில் கிடந்தது.

இரண்டு நாள் கழித்து இன்னொன்று. இதை வந்த வழியாலே, பின்னால், இழை இழையாக விலக்கி எடுத்தேன். மீனுக்குப் பிழையானது குருவிக்குச் சரி. அது என் கையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு முருங்கைக்குள் போனது. அதற்கு அடுத்த நாள் இரண்டு. ஒன்று இரவிலேயே செத்திருந்தது. மற்றது பெயர் தெரியாத ஒரு சின்னக் குருவி, சாம்பல் நிறம், பெருவிரல் அளவு.

காகம் பகலில் வருகிறது, வலையைப் பார்த்து விலகிப் போகிறது. இவை இரவில் கடல் தாண்டி வந்து, இருட்டோடு முதல் கண்ட மரத்துக்கு இறங்குகின்றன. அந்த மரத்துக்கு முன்னால் நான் கண்ணுக்குத் தெரியாத வலையைக் கட்டி வைத்திருக்கிறேன். விளங்கிவிட்டது. ஆனால் வலையைக் கழற்றினால் மச்சாள் கரைக்குப் போவார். மனைவி நடக்க வேண்டும்.

முதலில் பழைய சேலையைக் கிழித்து, துண்டு துண்டாக வலையில் கட்டினேன். மச்சாள் பார்த்துவிட்டு, "இதென்ன மச்சான், கோயில் கொடியேத்தமோ?" என்றார். அவருக்கு நான் காரணம் சொல்லவில்லை. சிரித்து மழுப்பினேன். துணி இருட்டில் தெரியவில்லை. அடுத்த காலையும் ஒன்று.

இரவில் மீனை அள்ளித் தறப்பாளால் மூடிவிடுவார்கள். அப்படியென்றால் இரவில் வலை தேவையில்லை. பொழுதுபட அவிழ்த்து, விடிந்த பிறகு கட்டலாம். இது யோசித்தபோது சின்ன வேலை மாதிரி இருந்தது. ஆனால் அந்த வலையைக் கட்ட மூன்று பேர் வேண்டியிருந்தது. என் பக்கத்து முடிச்சுக்களைக் கதிரையில் ஏறி நானே அவிழ்க்கலாம். மச்சாளின் பூவரசில் உள்ளதை அவர்தான் அவிழ்க்க வேண்டும். ஒவ்வொரு நாளும் இருமுறை.

கேட்க வேண்டும். ஐப்பசி, அதாவது ஒக்டோபர், கத்தோலிக்கரான எங்களுக்குச் செபமாலை மாதம். அந்தக் கிழமை மச்சாள் வீட்டில் செபமாலை முறை. சனம் போன பிறகு கேட்கலாம் என்று கடைசிவரை இருந்தேன். எல்லோரும் பிளேன்ரீ குடித்தார்கள். மச்சாள் என் கையிலும் ஒன்றைத் தந்து, "என்ன மச்சான், ஏதோ கேக்கிற முகமாய்க் கிடக்கு?" என்றார்.

"ஒண்டுமில்லை மச்சாள். தேத்தண்ணி நல்லாயிருக்கு."

அதோடு எழும்பி வந்துவிட்டேன்.

அவரிடம் கேட்காமலே தொடங்கினேன். பொழுதுபட்டதும் என் பக்கத்தை மட்டும் அவிழ்த்து, வலையைச் சுருட்டி வேலியில் போட்டுவிடுவேன். கூரை அப்படியே இருக்கட்டும், சுவர் இல்லாவிட்டால் போதும். காலையில் திரும்பக் கட்டுவேன். ஒன்பது நாட்கள் செய்தேன். அந்த ஒன்பது நாளும் ஒரு குருவியும் படவில்லை. பத்தாம் நாள் பின்னேரம் கதிரையில் ஏற முடியவில்லை. இடுப்பு பூட்டிக்கொண்டது. மனைவி என்னைத் தாங்கிக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள்.

"வலையை அவிழ்," என்றேன்.

"இப்ப உங்களப் பாக்கிறதோ வலையப் பாக்கிறதோ? விடிய அவிழ்ப்பம்."

அவளுக்கும் அன்று நிறைய மீன் வேலை. சொல்லிவிட்டு அப்படியே படுத்துத் தூங்கிப்போனாள். விடியற்காலை அவள் எழும்பி வெளியே போகும் சத்தம் கேட்டது. நேரம் எடுத்தது. திரும்பி வந்தபோது சீலைத் தலைப்பில் எதையோ ஏந்திக்கொண்டு வந்தாள். படுக்கைக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்தாள். மூன்று. மூன்றும் பச்சை.

"ஒண்டு உயிரோட இருந்தது," என்றாள். "எனக்கு எடுக்கத் தெரியேல்ல."

அன்று மத்தியானம் சுவரைப் பிடித்து நடந்து வேலிப் பொட்டுக்குப் போனேன். மச்சாள் கட்டா கீறிக்கொண்டிருந்தார்.

"மச்சாள், வலையை முழுக்கக் கழட்டப் போறன்."

அவர் கத்தியை வைக்கவில்லை. "என்னத்துக்கு?"

சொன்னேன். படகில் வந்து இருக்கிற குருவியைப் பற்றியும் சொன்னேன். அவருடைய கணவரும் கடல்காரர். கேட்டுக்கொண்டே இரண்டு மீன் கீறினார்.

"அவரும் துரத்தமாட்டார்," என்றார் கடைசியில். "ஒருக்கா ஒரு குருவியைச் சேட்டுக்குள்ள வச்சு வீட்ட கொண்டந்தவர், விசரன்." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கழட்டுங்கோ. ஆனா நான் கரைக்குப் போறன் மச்சான். கோவமில்லை. காகத்துக்கு மீன் காயப்போட என்னால ஏலாது."

"ஓம் மச்சாள்."

இரண்டு நாளில் தட்டிகள் போயின. மனைவி கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் கோபப்படவில்லை. முதல் நாள் கரையில் இருந்து திரும்பி வந்து செருப்பைக் கழற்றியபோது மட்டும் சொன்னாள்:

"குருவிக்கு நீங்கள் இரங்கினது சரிதான். நடக்கிறது என்ர கால்."

தைலப் போத்தலை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தேன்.

கார்த்திகையில் மழை பிடித்தது. ஊரெல்லாம் பள்ளம் பள்ளமாகத் தண்ணீர். ஆறுமணிக்குருவிகள் உள்ளே போய்விட்டன. எனக்கு நடக்கக் கொஞ்சம் ஏலுமாக வந்ததும் மத்தியானச் சோற்றை நான் சமைக்கத் தொடங்கினேன். சமைத்து, வாளியில் வைத்து, கரைக்குக் கொண்டுபோனேன். மற்றவர்களுக்கு முக்கால் மணித்தியாலம், எனக்கு ஒன்றரை. இடையில் இரண்டு இடத்தில் குந்தி எழும்ப வேண்டும். வழியில் எல்லோரும் "இப்ப எப்பிடி?" என்று கேட்டார்கள். எல்லோருக்கும் பதில் சொன்னேன்.

மழை விட்டு வெயில் எறித்த ஒரு நாள். காவலுக்கு என்று இருந்த ஆண்கள் வாடியில் படுத்துவிட்டார்கள். மனைவியும் மச்சாளும் ஆளுக்கொரு தடியோடு தட்டிகளைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள். மச்சாள்தான் என்னை முதலில் கண்டார்.

"காகங்களே, எழும்பி நில்லுங்கோ! உங்கட முதலாளி வாறார்!"

மனைவி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கண்ணுக்குக் கீழே உப்புப் படிந்திருந்தது. காலையில் இருந்து அவள் குந்தவே இல்லை என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது. ஒரு காலில் பாரத்தைக் கொடுத்து, மற்றதைச் சும்மா ஊன்றி நின்றாள்.

வாளியைக் கொடுத்து, அவள் கையில் இருந்த தடியை வாங்கினேன்.

"இருந்து சாப்பிடு."

"உங்களால ஏலுமோ?"

"தடிதானே."

அவர்கள் ஓலை நிழலில் இருந்தார்கள். நான் தட்டிகளுக்கு நடுவில் நின்றேன். தென்னங்குற்றியில் இருந்த காகம் ஒன்று தலையைச் சரித்து என்னைப் பார்த்தது. கிட்டத் தத்தியது. தடியை ஓங்கினேன், எழும்பிப் போய் அப்பால் இருந்தது. திரும்ப வந்தது. திரும்ப ஓங்கினேன். தோள் வரைக்கும் நோ ஏறியது. பின்னால் மச்சாள் ஏதோ சொல்ல மனைவி வாயில் சோற்றோடு சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் கை கழுவும்வரை நான் தடியைக் கீழே வைக்கவில்லை.